லித்தியம் பேட்டரியைக் கடைசியாக ஏற்றுங்கள்: விசைப்படகு வயரிங்கை மாற்றும் முறை

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆனால் போதும், காசிமேட்டில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். படகு ஓனர் புது லித்தியம் பேட்டரியோடு ஆட்டோவில் வந்து இறங்குவார். "பழசக் கழட்டிட்டு இத மாட்டிக் குடுப்பா, சாயங்காலம் கிளம்பிடலாம்" என்பார். மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்தான். அதற்கு முன்னால் நான்கைந்து நாள் வேலை இருக்கிறது. அந்த வேலையை விட்டவர்கள்தான் ஆகஸ்டில் கருகிய டைனமோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வேலை போக வேண்டிய வரிசை இது: கணக்கு, இடம், வயர், ஃபியூஸ், சார்ஜ் ஏறும் வழி, கடைசியில் பேட்டரி. கீழே சொல்வது 24 வோல்ட் விசைப்படகை வைத்து. உங்களுடையது 12 வோல்ட் என்றால் வோல்ட் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அதே வாட்டுக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

1. உங்கள் படகுக்குத் தேவையா?

இராப்பகலாக எஞ்சின் ஓடும் இழுவைப் படகுக்கு லித்தியத்தால் பெரிய லாபம் இல்லை. டைனமோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஈய பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்கிறது. அந்தப் பணத்தை வயரிங்கில் போடுங்கள்.

லாபம் யாருக்கு என்றால், செவுள் வலையோ ஆயிரங்கால் தூண்டிலோ விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தி இரவெல்லாம் மிதக்கும் படகுகளுக்கு. பேட்டரி இறங்குகிறதே என்று நடு இரவில் எஞ்சினைப் போட்டு டீசல் எரிப்பவர்களுக்கு. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம்.

வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள். ஏப்ரல் முடிவதற்குள் கணக்கையும் சாமானையும் முடியுங்கள். மே மாதம் வயரிங். ஜூன் முதல் வாரம் சோதனை. ஜூன் 13-ஆம் தேதி ராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு கிரிம்ப் செய்த (வயர் முனையில் லக் என்ற உலோக வளையத்தை அழுத்திப் பொருத்திய) வேலை எதுவும் தேறி நான் பார்த்ததில்லை. படகுக்குக் காப்பீடு இருந்தால், இந்த மாற்றம் அவர்களுக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள்

பேட்டரியின் கொள்ளளவை, அதாவது ஆம்பியர் அவரை, கடைக்காரர் சொல்லக் கூடாது, உங்கள் படகு சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாமானும் எத்தனை வாட், எஞ்சின் நின்ற நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்குங்கள். சமீபத்தில் நான் செய்த ஒரு படகின் தாள் இது:

நங்கூர விளக்கு, 5 வாட், 12 மணி: 60
கேபின் விளக்கு மூன்று, மொத்தம் 18 வாட், 8 மணி: 144
ஜிபிஎஸ், 15 வாட், 24 மணி: 360
எக்கோ (ஆழமும் மீனும் காட்டும் கருவி), 20 வாட், 10 மணி: 200
வயர்லெஸ் சும்மா இருக்கையில், 6 வாட், 24 மணி: 144
வயர்லெஸ் பேசுகையில், 70 வாட், அரை மணி: 35
டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவி), 5 வாட், 24 மணி: 120
ஃபேன் இரண்டு, மொத்தம் 50 வாட், 8 மணி: 400
செல்போன்கள்: 90
அடித்தண்ணி பம்ப், 100 வாட், அரை மணி: 50

கூட்டினால் 1,603 வாட் அவர். கால் பங்கு கூடுதலாக வைத்தால் ஏறத்தாழ 2,000. 25.6 வோல்ட், 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் 2,560 வாட் அவர் இருக்கும். அதில் 80 சதவீதம் 2,048. சரியாகப் பொருந்துகிறது. அந்தப் படகின் ஓனர் 200 ஆம்பியர் அவர் வாங்குவதாக இருந்தார்.

இதில் எல்லோரும் சறுக்குவது ஃபேனிலும் ஜிபிஎஸ்ஸிலும்தான். வாட் சின்னது என்று விட்டுவிடுவார்கள், மணி நேரம் பெரியது என்பது கண்ணில் படாது. பம்புக்கு நேர் எதிர்: வாட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள், ஓடுவது அரை மணிதான். சாமானின் முதுகில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல் டிசி கிளாம்ப் மீட்டர் போட்டு அளந்து பாருங்கள். வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் ஏசி மட்டும்தான் அளக்கும். டிசியில் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து "லோடே இல்லைண்ணே" என்று சொன்ன பையன்கள் உண்டு.

3. ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாதீர்கள்

எஞ்சினைச் சுழற்றும் இரண்டு ஈய பேட்டரியும் அப்படியே இருக்கட்டும். செல்ஃப் மோட்டார் ஒரு நொடியில் பல நூறு ஆம்பியர் கேட்கும். லித்தியத்தின் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) அதைத் தாங்காமல் கட் ஆகலாம். கரையில் கட் ஆனால் சிரித்துவிட்டுப் போகலாம், நாற்பது கிலோமீட்டர் வெளியே என்றால் அப்படி இல்லை.

ஆகவே படகில் இரண்டு குடும்பம்: எஞ்சினுக்கு ஈயம், மற்ற எல்லாவற்றுக்கும் லித்தியம். இரண்டும் நெகட்டிவில் மட்டும் சேரும். பாசிட்டிவில் எந்தக் காலத்திலும் நேராகச் சேரக் கூடாது. ஈயத்தையும் லித்தியத்தையும் பேரலலாகப் போட்டால் லித்தியம் நாள் முழுக்க ஈயத்துக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

4. எந்த லித்தியம்?

படகுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மட்டும். கடையில் எல்எஃப்பி என்று கேளுங்கள். 'லித்தியம் அயர்ன்', 'லித்தியம் அயான்' இரண்டும் நம் வாயில் ஒரே மாதிரிதான் விழும். அயான் என்பது எல்லா வகைக்கும் பொதுப்பெயர். அந்தக் குழப்பத்தில் இ-ஸ்கூட்டரில் வரும் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை) பேக்கை வாங்கி வந்துவிடுவார்கள். அது சூடானால் எல்எஃப்பியைவிடச் சீக்கிரம் கட்டுமீறித் தீப்பிடிக்கும். நடுக்கடலில் இறங்கி ஓட இடமில்லை.

செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், எட்டு செல் வரிசையாக 25.6. முழு சார்ஜில் செல் 3.65 வரை போகும், பேக் 29.2. லேபிளில் இந்த எண்கள் இல்லையென்றால் அது நீங்கள் கேட்ட சாமான் இல்லை. ரிச்சி தெருவில் கழற்றிய பழைய செல்லை வாங்கி நாமே பேக் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு சோலாருக்குப் பழகிப் பாருங்கள். ஆட்டமும் உப்பும் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள். இந்த அளவுக்கு 100 ஆம்பியர் போதும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் போனில் காட்டும் புளூடூத் இருந்தால் நல்லது. கட் ஆனது எதனால் என்று தெரிய அதுதான் எளிய வழி.

இரண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சீரியலில் போடுவதைவிட ஒரே 24 வோல்ட் பேட்டரி எடுப்பது மேல். காரணம் நம் ஊர்ப் பழக்கம்: 12 வோல்ட் வயர்லெஸ்ஸுக்கு இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு வயர் இழுத்துவிடுவது. கீழ் பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே வரும். ஈயத்தில் இது ஆயுளைக் குறைக்கும், அவ்வளவே. லித்தியத்தில் ஒன்று காலியாகி அதன் பிஎம்எஸ் மூடியதும் மொத்தப் படகும் இருட்டாகும். ஒரே பேட்டரியாக இருந்தால் நடு டேப் எடுக்கவே வழி இருக்காது. வயர்லெஸ்ஸுக்கு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தனியாகப் போடுங்கள், ஆண்டெனா வயரிலிருந்தும் எக்கோ வயரிலிருந்தும் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் எக்கோ திரையில் கோடு கோடாக விழும், மீன் என்று வலை விடுவீர்கள்.

5. இடம்

எஞ்சின் ரூம் வேண்டாம். பழைய பேட்டரி அங்கேதான் இருந்தது, வயரும் அங்கேதான் வருகிறது, அதனால் எல்லோரும் அங்கேயே வைக்கிறார்கள். மே மாத மதியத்தில் எஞ்சின் ஓடும்போது ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும் இடத்தில் செல் சீக்கிரம் கிழடாகும். இன்னும் ஏறினால் பிஎம்எஸ் சார்ஜையே நிறுத்திவிடும்.

வீல் ஹவுஸில் சீட்டுக்குக் கீழே காற்று வரும் பெட்டி நல்ல இடம். ஆள் படுக்கும் பலகைக்கு அடியில் வேண்டாம். அடித்தண்ணி ஏறினாலும் எட்டாத உயரம் வேண்டும். பெல்ட் போட்டு நான்கு பக்கமும் இறுக்குங்கள். பேட்டரி இருபத்தைந்து கிலோ வரும், அலையில் அது அசைந்தால் முதலில் தளர்வது டெர்மினல் போல்ட்.

6. பழைய வயரை உருவுங்கள்

அதிக நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

பழைய வயரின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது லக் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு முறை அப்படிக் கேட்ட ஓனர் முன்னாலேயே சுவிட்ச் பேனலுக்குப் போகும் வயரைப் பிளந்து காட்டினேன். நுனியில் பச்சைக் களிம்பு. இரண்டு விரல் தள்ளிப் பிளந்தால் செம்பு கறுப்பு. ஒரு முழம் தள்ளிப் பிளந்தாலும் கறுப்பு. உப்புத் தண்ணீர் இன்சுலேஷனுக்குள் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியிருந்தது. கறுத்த செம்பில் லக் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடம் சூடாகும். மொத்தத்தையும் உருவினோம்.

புது வயர் ஈயம் பூசிய செம்பாக, மெல்லிய இழைகள் நிறைந்ததாக இருக்கட்டும். வீட்டு வயரில் பூச்சு இருக்காது, இரண்டு சீசனில் மறுபடியும் களிம்பு.

தடிமனுக்குக் கணக்கு உண்டு: 0.0175-ஐப் போகவர மொத்த நீளத்தால் (மீட்டரில்) பெருக்கி, வயரின் ஸ்கொயர் எம்எம்மால் வகுத்தால் ஓம் கிடைக்கும். அதை ஆம்பியரால் பெருக்கினால் எத்தனை வோல்ட் வீணாகிறது என்று தெரியும். பேட்டரியிலிருந்து பேனல் 4 மீட்டர் என்றால் போகவர 8. அதிகபட்ச லோடு 25 ஆம்பியர். 4 ஸ்கொயர் வயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போய்விடும். 10 ஸ்கொயரில் 0.35. ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்குகளுக்கு மூன்று சதவீதத்துக்குள், அதாவது 0.7 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். நான் 10 போடுகிறேன். போகவர என்பதை மறந்து ஒரு வழி நீளத்தை மட்டும் போட்டுக் கணக்கில் ஏமாந்தவர்கள் நிறைய.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலால் அறுகோணமாக அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் கிரிம்ப் ஆகாது. சந்தேகம் இருந்தால் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: இழை தனித்தனியாகத் தெரியக் கூடாது, ஒரே செம்புத் துண்டாகத் தெரிய வேண்டும். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். பசை உருகி இரண்டு ஓரத்திலும் கசிந்து வந்தால்தான் தண்ணீர் போகாது. வெறும் சால்டரை நம்பாதீர்கள். சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைப்பாகி, எஞ்சின் அதிர்வில் அங்கேயே முறியும்.

இரும்புப் படகாக இருந்தால் ஒன்று: படகின் உடம்பையே நெகட்டிவாகப் பயன்படுத்தியிருந்தால் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் தனி நெகட்டிவ் வயர். உடம்பு வழியாகக் கரண்ட் போனால் தண்ணீருக்கு அடியில் இரும்பு அரிக்கும்.

7. ஃபியூஸ்

ஈய பேட்டரி ஷார்ட் ஆனால் தன் உள் தடையாலேயே கொஞ்சம் திணறும். லித்தியம் திணறாது, ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே நெருப்புப் பொறி பாலம்போல் நின்று கரண்ட் தொடரலாம். அதனால் மெயினுக்கு கிளாஸ் டி (Class T) வகை போடுங்கள். அது 20,000 ஆம்பியர் வரை அறுக்கக்கூடியது. விலை கேட்டால் எரிச்சல் வரும், வாங்குங்கள்.

இந்தப் படகுக்கு மெயின் 100 ஆம்பியர், பேட்டரியிலிருந்து பஸ்பார் (பல வயர்கள் சேரும் உலோகப் பட்டை) வரை 25 ஸ்கொயர் வயர். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அடுத்து மெயின் சுவிட்ச், பிறகு பஸ்பார், அங்கிருந்து பேனலுக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது வயரை; சாமானை இல்லை. ஆகவே ஃபியூஸ் அளவை வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டு ஏசி எம்சிபியைப் படகில் போடாதீர்கள். டிசியில் அது திறக்கும்போது பொறி அணையாமல் உள்ளேயே எரியலாம். டிசி எம்சிபி வாங்கினாலும் அதில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அந்தப் பக்கப்படியே மாட்டுங்கள்.

8. சார்ஜ் ஏறும் வழி

டைனமோவை நேராக லித்தியத்துக்குக் கொடுக்காதீர்கள். இதை நானே செய்து கற்றேன். ஆரம்பத்தில் ஒரு படகில், எஞ்சின் பேட்டரியை விட்டுவிட்டு டைனமோவிலிருந்தே ஒரு தடித்த வயரை லித்தியத்துக்கு இழுத்தேன். கரையில் அருமையாக ஏறியது. பழவேற்காட்டுக்கு நேரே போனபோது எஞ்சின் ரூமில் வார்னிஷ் கருகும் வாடை வந்தது என்று டிரைவர் போன் செய்தார். லித்தியம் காலியாக இருக்கும்போது கொடுத்ததை எல்லாம் விழுங்கும். டைனமோ தன் முழு ஆம்பியரை மணிக்கணக்கில் கொடுக்கும்படி செய்யப்பட்டதில்லை. அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடினால் டைனமோவின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு வெளியே போகாது.

இரண்டாவது அடி இன்னும் மோசம். பேட்டரி நிறைந்து பிஎம்எஸ் திடீரென்று மூடினால், டைனமோவில் இருக்கும் கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட் ஒரு நொடிக்குள் நூறைத் தாண்டலாம். டைனமோவின் டயோடு போகும், அந்த நேரம் ஆனில் இருந்த ஜிபிஎஸ்ஸும் கூடவே போகும். அந்தப் படகில் இரண்டுமே போயின. டைனமோ செலவு என்னுடையது.

சரியான வழி: டைனமோ பழையபடி ஈய பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யட்டும். ஈயத்துக்கும் லித்தியத்துக்கும் நடுவே 24-க்கு 24 டிசி டு டிசி சார்ஜர், 15 ஆம்பியர். லித்தியம் மூடினாலும் டைனமோவுக்கு ஈயம் எப்போதும் துணைக்கு இருக்கும். 15 ஆம்பியர் என்றால் மணிக்குச் சுமார் 400 வாட் அவர், நான்கு மணி நேரத்தில் ஒரு நாள் செலவு ஏறிவிடும். போகவர எஞ்சின் ஓடும் நேரமே அதைவிட அதிகம். 40, 50 ஆம்பியர் சார்ஜர் வாங்கி டைனமோவை வதைக்க வேண்டாம்.

சார்ஜருக்குப் போகும் வயரின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். ஒரு முனையில் ஈயம், மறுமுனையில் லித்தியம். இரண்டுமே கரண்ட் கொடுப்பவை. ஒரு பக்கம் மட்டும் போடுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. எஞ்சின் ஓடும்போது மட்டும் சார்ஜர் வேலை செய்ய, கீ சுவிட்சிலிருந்து ஒரு சின்ன வயர் கொடுங்கள். இல்லையென்றால் இரவில் ஸ்டார்ட் பேட்டரியை அது உறிஞ்சிவிடக்கூடும்.

சார்ஜர் செட்டிங்: சார்ஜ் வோல்ட் 28.4, ஃப்ளோட் (நிறைந்த பிறகு தாங்கி நிறுத்தும் வோல்ட்) 27. ஈக்வலைஸ் (ஈய செல்களைச் சமமாக்க வோல்ட்டை உயர்த்துவது) ஆஃப். டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றுவது) ஆஃப். கடைசி இரண்டும் ஈயத்துக்கானவை; ஈக்வலைஸை ஆனில் விட்டால் ஒருநாள் 30 வோல்ட்டுக்கு மேல் தள்ளி பிஎம்எஸ்ஸை மூட வைக்கும். சோலார் இருந்தால் கண்ட்ரோலரிலும் இதே எண்கள். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி வயர், பிறகு சோலார் பேனல் வயர், கழற்றும்போது தலைகீழ்.

9. பேட்டரி ஏறும் நாள்

படகுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே கரையில் எல்எஃப்பி சார்ஜரில் ஒரு முறை முழுதாக ஏற்றுங்கள், 28.8 வோல்ட் வரை. நிறைந்த பிறகும் சில மணி நேரம் விட்டால் செல்கள் ஒன்றுக்கொன்று சமமாகும். போனில் பார்த்தால் செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் கடைக்காரரிடம் திருப்புங்கள். படகில் மாட்டிய பிறகு சண்டை போடுவது கஷ்டம்.

மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் கழற்றுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மெயின் சுவிட்ச் ஆஃப், ஃபியூஸ் கழற்றிய நிலை. பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். போல்ட்டை பேட்டரியில் எழுதிய அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

நெகட்டிவ் பக்கம் ஷண்ட் (கரண்டை அளக்கும் துண்டு) போட்ட மீட்டர் கட்டாயம். எல்எஃப்பியின் வோல்ட்டைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது, 26.3 என்று காட்டினால் 40 சதவீதமும் இருக்கலாம், 70-ம் இருக்கலாம். ஷண்ட் போவதையும் வருவதையும் எண்ணும். அதற்கு எல்லா நெகட்டிவும் ஷண்ட்டுக்கு மறுபக்கம் சேர வேண்டும். ஏதோ ஒரு பம்ப் வயரைச் சோம்பலில் நேராக பேட்டரியிலேயே கட்டிவிட்டால், மீட்டர் 60 சதவீதம் காட்டும்போது படகு அணையும்.

10. கரையிலேயே அணைத்துப் பாருங்கள்

எல்லா லோடையும் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பேனலின் பாசிட்டிவ் பாரிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ ஒரு லக்கோ போல்ட்டோ சரியில்லை. அரை மணி கழித்து ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதுதான்.

பிறகு எஞ்சின் ஓடும்போதே லித்தியத்தின் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். சோலார் இருந்தால் அதன் பேனல் வயரை முன்பே கழற்றிவிடுங்கள். ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் அணையலாம். எஞ்சினுக்கும் டைனமோவுக்கும் எதுவும் ஆகக் கூடாது. கடலில் பிஎம்எஸ் கட் ஆனால் நடப்பது இதுதான். ஓனர் மட்டும் இதைப் பார்த்தால் போதாது, டிரைவர் நின்று பார்க்க வேண்டும்.

வயர்லெஸ்ஸுக்கும் நங்கூர விளக்குக்கும் ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து ஒரு மாற்று சுவிட்ச் வையுங்கள். அதன் பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள்: "கரண்ட் போனால் இதைத் திருப்பு. எஞ்சினைப் போடு. லித்தியம் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய். வராவிட்டால் கரைக்கு வா." பேட்டரி காலியாகி மூடியிருந்தால் சார்ஜர் கரண்ட் வந்ததும் பெரும்பாலும் தானாகத் திறக்கும். ஆனால் சில சார்ஜர்கள் எதிரே வோல்ட் தெரிந்தால்தான் தொடங்கும். வாங்கும்போதே அதைக் கேளுங்கள்.

அடுத்த தடைக்காலத்தில் படகைக் கட்டும்போது லித்தியத்தை நிறைத்து வைக்க வேண்டாம், காலியாகவும் வேண்டாம். 50, 60 சதவீதத்தில் நிறுத்தி, மெயின் ஆஃப் செய்து, நெகட்டிவ் லக்கைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். சோலார் இருந்தால் முதலில் பேனல் வயர். ஈய பேட்டரிக்கு நேர்மாறு: அதை நிறைத்து வைத்து, மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் பார்த்து, மறுபடியும் சார்ஜ் போட வேண்டும்.